கறுப்புப் பெட்டிக்குக் கீழே பாமினி

கறுப்புக் கோட்டின் மேல் மவுஸை வைத்து இழுத்தேன். கோடு நீலமாகியது. பிரதி எடுத்து ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டினேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாக ஏதோ வந்து விழுந்தது. பக்கத்தில் இருந்த நண்பர் நிம்மதியாக மூச்சு விட்டார். "எழுத்துக் குழம்பிப்போச்சு. இனிப் பயமில்லை" என்றார்.

எனக்குப் பயம் அப்போதுதான் தொடங்கியது. வன்னியில் கொஞ்சக் காலமாவது டைப் அடித்துப் பிழைத்தவர்களுக்கு அந்தக் குழப்பம் பழகிய முகம். அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. திரையில் 'அம்மா' என்று தெரிகிற சொல்லை, பாமினியில் அடித்த கோப்பு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் உள்ளே வைத்திருக்கிறது. என் லப்டொப்பில் கிடந்த எழுத்துரு மாற்றியில் அந்தக் குழப்பத்தைப் போட்டேன். 31 பேரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு எல்லாம் நல்ல தமிழில் வரிசையாக வந்து நின்றன.

அந்த ஆவணம், ஒரு காணி விஷயமாக ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கிய பதில். இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். பிறருடைய அந்தரங்கத்தைத் தொடும் பகுதியை விலக்கி மிச்சத்தைக் கொடுக்க அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கொடுத்த அலுவலகமும் நல்லெண்ணத்தோடுதான் பெயர்களின் மேல் கறுப்புப் பெட்டி வைத்திருக்கிறது. ஆனால் வைத்தது மேலே மட்டும். கீழே எழுத்து உயிரோடு கிடந்தது. நான் அந்த ஆவணத்தை மூடும்போது அது ஏற்கெனவே இரண்டு வட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்திருந்தது.

அதற்குப் பிறகு ஏழு கிழமையாக நான் கையில் வைத்துப் பழகிக்கொண்டிருப்பது லிப்ரே ஒபிஸில் இருக்கும் மறைப்புக் கருவி. லிப்ரே ஒபிஸ் ஒரு அலுவலக மென்பொருள் தொகுப்பு. காசு இல்லை, பழைய கணினியிலும் ஓடும், தமிழ் முகப்பும் இருக்கிறது. 2019 ஓகஸ்டில் வந்த 6.3 பதிப்பிலேயே இந்தக் கருவி சேர்ந்துவிட்டது. 'டூல்ஸ்' பட்டியலில் 'ரிடாக்ட்' என்று ஒரு மூலையில் கிடக்கும். இத்தனை வருடமாக நான் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

அதை அழுத்தினால் உங்கள் ஆவணம் அப்படியே வரைபலகைக்கு, அதாவது 'ட்ரோ' செயலிக்குப் போகும். அங்கே ஒரு சிறு கருவிப்பட்டை. நேர்ப்பெட்டி போடலாம், கையால் வளைத்தும் மூடலாம். போடுகிற பெட்டி முதலில் கறுப்பாக இருக்காது, ஒளி ஊடுருவும் சாம்பல். கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே மூடலாம். எல்லாம் முடிந்ததும் கறுப்பு ஏற்றுமதியை அழுத்தினால் பிடிஎஃப் ஒன்று வரும்.

இந்தக் கடைசி அடிதான் எனக்கு எல்லாம். மற்றச் செயலிகள் பல எழுத்தின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்திவிட்டு வேலை முடிந்தது என்கின்றன. இது பக்கம் முழுவதையும் படமாக்கி, அந்தப் படத்தை பிடிஎஃப்பாகக் கட்டுகிறது. எழுத்து என்று ஒன்று உள்ளே இருக்காது. முதல் கிழமை இதை நம்பாமல் ஒவ்வொரு கோப்பையும் சோதித்தேன். மவுஸால் இழுத்தேன், ஒன்றும் நீலமாகவில்லை. 'முழுவதையும் தெரிவுசெய்' கொடுத்துப் பிரதி எடுத்து ஒட்டினேன், வெறும் பக்கம். பெயரைப் போட்டுத் தேடினேன், இல்லை என்றது. பாமினியும் இல்லை, யுனிகோடும் இல்லை. கறுப்பு இருந்த இடத்தில் கறுப்புப் புள்ளிகள் மட்டும். ஒரு கருவி சொன்னதைச் செய்கிறது என்று காண்பதில் இவ்வளவு மகிழ்ச்சி இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மேலே போர்த்துகிற இந்தப் பிழையைச் செய்தது எங்கள் ஊர் அலுவலகம் மட்டுமென்று நினைக்கவேண்டாம். 2005இல் ஈராக்கில் இத்தாலிய உளவு அதிகாரி நிக்கோலா கலிபாரி சுட்டுக் கொல்லப்பட்டது பற்றி அமெரிக்க இராணுவம் ஒரு அறிக்கை வெளியிட்டது. கறுப்பை இழுத்துப் பிரதி எடுத்தவர்களுக்கு மறைத்த பெயர்கள் எல்லாம் கிடைத்தன. 2009 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு முகமையின் சோதனைக் கையேட்டுக்கு அதே கதி. 2019 ஜனவரியில், ட்ரம்பின் முன்னாள் பிரசாரத் தலைவர் போல் மனபோர்ட்டின் சட்டத்தரணிகள் நீதிமன்றத்தில் கொடுத்த மனுவுக்கும் அதே கதி. பெரிய சம்பளம் வாங்குகிற சட்டத்தரணிகள் இப்படி விழுந்தார்கள் என்றால், ஒரு பிரதேச செயலகத்தில் நாளைக்கு நாற்பது கோப்புப் பார்க்கிற எழுதுவினைஞரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு யாரும் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுக்கவேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

அந்த ஆதங்கத்திலேயே மற்ற வழிகளைப் பற்றியும் கொஞ்சம் கோபப்படவேண்டியிருக்கிறது.

இணையத்தில் தேடினால் 'பிடிஎஃப் மறைப்பு இலவசம்' என்று வரிசையாக வரும். கோப்பை ஏற்றுங்கள், நாங்கள் கறுப்பாக்கித் தருகிறோம் என்கின்றன. யாருக்கும் காட்டக்கூடாது என்று நினைக்கிற பக்கத்தை முகம் தெரியாத ஒருவரின் கணினிக்கு முழுதாக அனுப்பித்தான் அதை மறைக்கவேண்டுமா? லிப்ரே ஒபிஸ் இணைப்பே இல்லாமல் வேலை செய்கிறது. டேட்டா முடிந்த நாளிலும், நெட் விட்டுவிட்டு வருகிற உள்ளூர்களிலும் அது எங்களுக்கு ஒரு வசதி. பாதுகாப்பு அந்த வசதிக்குள்ளேயே சும்மா வந்து சேர்கிறது.

பிறகு போனில் தேய்ப்பது. படத்தின் மேல் ஒளி புகாத பேனாவால் முழுக்க மூடிப் புதிதாகச் சேமித்தால் குறையில்லை. ஆனால் நிறையப் பேர் எடுப்பது ஹைலைட்டர் பேனா. கறுப்பு நிறத்தில் மூன்று நான்கு தரம் தேய்த்தால் கண்ணுக்கு மூடிவிடும். வெளிச்சத்தையும் நிற வேறுபாட்டையும் கூட்டிப் பார்த்தால் இலக்கங்கள் எழும்பி வரும். கட்டம் கட்டமாக மங்கலாக்குவதும் அப்படித்தான். மங்கலான கட்டங்களில் இருந்து எழுத்தை ஊகித்து எடுக்கும் மென்பொருள்கள் 2020இலேயே எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கிவிட்டன. 2007இல் இன்டர்போல் தேடிய ஒரு சிறுவர் துஷ்பிரயோகக் குற்றவாளி தன் முகத்தைச் சுழல்போலக் கலக்கி மறைத்திருந்தான். சுழலைத் திருப்பிச் சுற்றி முகத்தை எடுத்து, ஆளையும் பிடித்தார்கள். அங்கே அது நல்லதுக்கு உதவியது. எங்கள் பிள்ளைகளின் முகத்துக்கும் அதே கணக்குத்தான் பொருந்தும்.

வெட்டி எறிவதையும் முழுதாக நம்பமுடியாது. 2023 மார்ச்சில் சைமன் ஆரன்ஸ், டேவிட் புகானன் என்ற இருவர் ஒரு பிழையை வெளிக்கொணர்ந்தார்கள். கூகுள் பிக்சல் போன்களில் வெட்டிச் சேமித்த திரைப்பிடிப்புகளின் வாலில், வெட்டிய பகுதியின் தரவு தொங்கிக்கொண்டே இருந்தது. விண்டோஸின் ஸ்னிப்பிங் கருவியிலும் அப்படியே. இரண்டையும் திருத்திவிட்டார்கள். ஆனால் திருத்துவதற்கு முதல் அனுப்பிய படம் அனுப்பியதுதான்.

சரி, திரும்பக் கருவிக்கு வருவோம். 2020 ஜனவரியில் வந்த 6.4 பதிப்பில் 'ஓட்டோ ரிடாக்ட்' சேர்ந்தது. மறைக்கவேண்டிய சொற்களைப் பட்டியலாகக் கொடுத்தால் ஆவணம் முழுக்கத் தேடி அதுவே பெட்டி போடும். ஆயத்தமாகச் சில இலக்குகளும் உள்ளே இருக்கின்றன. கடனட்டை இலக்கம், மின்னஞ்சல் முகவரி, அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு இலக்கம், பிரித்தானியக் காப்புறுதி இலக்கம். எங்கள் அடையாள அட்டை இல்லை. அதை நானே எழுதினேன்: ஒன்பது இலக்கமும் பின்னால் ஒரு வி அல்லது எக்ஸ், இல்லாவிட்டால் தொடர்ந்து 12 இலக்கம். ஒருமுறை எழுதிச் சேமித்து வைத்தால் எந்த ஆவணத்துக்கும் எடுத்துப் போடலாம். தெரிந்த நாலு பேருக்கும் கொடுத்திருக்கிறேன்.

அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றி இங்கே நின்று பேசத்தான் வேண்டும். எங்கள் இலக்கம் ஒரு பேசும் இலக்கம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, எல்லா வருடத்துக்கும் 366 நாள் என்று வைத்து, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500ஐக் கூட்டியிருக்கும். 75561 என்று தொடங்கினால் 1975 மார்ச் 1ஆம் திகதி பிறந்த பெண். 2016இல் இருந்து வருகிற 12 இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கமாக நீண்டது, மிச்சக் கணக்கு அதேதான். பின்னால் உள்ள நான்கு இலக்கத்தை மறைத்துவிட்டு 'பாதி மறைச்சாச்சு' என்று அனுப்புகிறவர்கள், அந்தப் பெண்ணின் பிறந்த நாளைச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். மாறி முன்பக்கத்தை மறைத்தாலும் தப்பமுடியாது. அதே படிவத்தில் மூன்று வரி கீழே பிறந்த திகதி என்று ஒரு கட்டம் இருக்கும். அதை வைத்து முன்பக்கத்தைக் கட்டிவிடலாம்.

இந்தியாவில் ஆதாருக்குக் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற பிரதி ஒன்றை ஆதார் ஆணையமே தருகிறது. 2022 மே மாதத்தில் அதன் பெங்களூரு அலுவலகம், ஆதார்ப் பிரதியைக் கண்டபடி கொடுக்காதீர்கள், அந்த மறைத்த பிரதியைக் கொடுங்கள் என்று அறிவித்தது. பெரிய சலசலப்பு எழும்பி, இரண்டொரு நாளில் அறிவிப்பை மீட்டுக்கொண்டார்கள். மீட்டாலும் அந்த முறை அங்கே செல்லும், ஏனென்றால் ஆதார் இலக்கம் எழுந்தமானமானது. அதற்குள் பிறந்த நாள் இல்லை. அதைப் பார்த்து இங்கே நாங்களும் கடைசி நான்கைக் காட்டுவோம் என்று தொடங்கினால் பிழைத்துப்போகும். எங்களுக்கு இலக்கம் முழுவதும் கறுப்பு, பிறந்த திகதியும் கறுப்பு. இதில் பாதி என்று ஒன்று இல்லை.

இலக்கத்தைக் கருவி பிடித்துவிடும். பெயருக்கு வந்தால்தான் தமிழ் அதைத் திணறடிக்கிறது. இதைக் கருவியின் குற்றமாக நான் எழுதவில்லை. அது தேடுவது எழுத்துக் கோர்வையை. நாங்கள் எழுதுவதோ வேற்றுமை ஏற்று உருமாறுகிற பெயரை. நாயகம் என்று முடிகிற ஒருவரின் பெயரைப் பட்டியலில் போட்டால், 'நாயகத்தின்', 'நாயகத்துக்கு' என்று வருகிற இடங்களை அது தாண்டிப் போகும். ம் உருகி த் ஆகிவிட்டதே. ஆகையால் முழுச்சொல் என்ற தெரிவை எடுத்துவிட்டு, 'நாயக' வரை மட்டும் கொடுக்கவேண்டும். கொடுத்தால் விநாயகர் கோயிலுக்கும் கறுப்பு விழும். விழட்டும். கோயிலுக்கு மேல் விழுந்த பெட்டியைக் கையால் எடுத்துவிடலாம், விடுபட்ட பெயரை அனுப்பிய பிறகு எடுக்கமுடியாது. இன்னொன்று, 'கொ' என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடல் ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டுவிடக்கூடும். பெயரை நீங்களாக அடிக்காமல் அதே ஆவணத்தில் இருந்து பிரதி எடுத்துப் பட்டியலில் போடுங்கள்.

பாமினி ஆவணமென்றால் இன்னொரு தந்திரம் இருக்கிறது. தேடும் சொல்லையும் பாமினியின் உள்ளெழுத்திலேயே கொடுக்கவேண்டும், அந்த எம், கே, அரைப்புள்ளி வடிவத்தில். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கவனி என்ற தெரிவையும் போடவேண்டும். பாமினியில் சின்ன எம் அ, பெரிய எம் ஆ. சின்ன பீ இகரக் குறி, பெரிய பீ ஈகாரக் குறி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவு போனது. 2000களில் அடித்த கடிதங்கள், முறைப்பாடுகள், சங்கக் கணக்குகள், பாடசாலைப் பட்டியல்கள் எவ்வளவோ இன்னும் பாமினியில்தான் கிடக்கின்றன. மேலே யுனிகோடில் கடிதத் தலைப்பு, கீழே பாமினியில் உடல் என்று பாதி பாதியாகவும் வரும். போனால் படம் பிடித்த பக்கத்திலும் கையெழுத்து மனுவிலும் தேட எழுத்தே கிடையாது. அவற்றுக்குக் கண்ணும் கையும்தான்.

இவ்வளவையும் எழுத வைத்தவர் ஒரு அம்மா. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கிய காலத்தில் இருந்து அங்கே வந்து குந்தியிருந்தவர்களில் ஒருவர். தன் பையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பொலித்தீன் பைக்குள் பொலித்தீன் பை. பொலிஸ் முறைப்பாடு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பற்றுச்சீட்டு, 2010இல் நல்லிணக்க ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது, 2014 ஜனவரியில் காணாமற்போனோரைப் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழு கிளிநொச்சியில் அமர்ந்தபோது கொடுத்தது, பிறகு காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்தது. ஒரே விவரம், ஐந்து முறை, ஐந்து பேரின் தட்டச்சில். வெளிநாட்டில் ஆவணப்படுத்துகிறவர்கள் பிரதி கேட்டிருக்கிறார்கள். அனுப்பவும் வேண்டும், மகளுக்கும் மற்றவர்களுக்கும் கரைச்சல் வரவும் கூடாது.

நான் பெட்டி போடத் தொடங்கியதும் அவர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"தம்பி, பிள்ளையின்ர பேரை மட்டும் மறைச்சுப்போடாதேங்கோ. அந்தப் பேரைச் சொல்லத்தானே இவ்வளவு காலமும் ரோட்டில இருந்தனாங்கள்."

"இல்லையம்மா, அதை மறைக்கமாட்டன். மகளின்ர நம்பரையும் விலாசத்தையும் அந்தக் கண்டவரையும்தான் மறைக்கப்போறன்."

கண்டவர் என்றால், 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் மகனைக் கடைசியாகக் கண்டவர். அவருடைய பெயர் ஐந்து ஆவணத்தில் மூன்றில் இருந்தது. கருவி மூன்றையும் பிடித்தது. சந்தோஷத்தோடு ஏற்றுமதிப் பொத்தானுக்குப் போகிற நேரம் நாலாவது ஆவணத்தை அம்மா வாசித்துக்கொண்டிருந்தார். அங்கே பெயரே இல்லை. 'எங்கள் சம்பந்தி கண்டதாகச் சொன்னார்' என்று ஒரு வரி.

சம்பந்தி. ஊரில் அவருக்குக் கலியாணம் முடித்த பிள்ளை ஒன்றுதான். அந்த ஒரு சொல் பெயரைவிடத் தெளிவாக ஆளைக் காட்டும். எந்தப் பட்டியலிலும் நான் அதைப் போட்டிருக்கவில்லை, போடத் தோன்றியும் இருக்காது. மச்சான், சின்னையா, பெறாமகன், மூத்தவளின்ர மனுசன் என்று நாங்கள் பெயர் சொல்லாமலே பெயர் சொல்கிறவர்கள். ஐந்தாவது ஆவணத்தில் அவரே 'சந்தையில் மீன் விற்பவர்' ஆகியிருந்தார். நாற்பது குடும்பம் இருக்கிற ஊரில் அதற்கும் ஒரே ஒரு அர்த்தம்தான். அன்று முதல் என் முறை மாறிவிட்டது. கருவி முதல் சுற்றுக்கு. இரண்டாவது சுற்றில், அந்த ஊர்க்காரர் ஒருவர் ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசிக்கவேண்டும். 'இது ஆர் எண்டு உங்களுக்கு விளங்குதோ?' என்பது மட்டும் என் கேள்வி. அவருக்கு விளங்கினால் அதற்கும் பெட்டி.

பெட்டியின் நீளத்தையும் அப்போதுதான் கவனிக்கத் தொடங்கினேன். இலினோய் பல்கலைக்கழகத்தின் மக்ஸ்வெல் பிளாண்டும் கூட்டாளிகளும் 2022இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பற்றியது. பிடிஎஃப்பில் எழுத்தை உண்மையிலேயே நீக்கினாலும், சுற்றியுள்ள எழுத்துகள் நிற்கும் இடத்தைக் கொண்டு மறைந்த சொல்லின் அகலத்தை அளந்து, பெயர்ப்பட்டியலில் பொருந்துகிறதை வடிகட்டலாம் என்று காட்டினார்கள். படமாக்கினால் அந்த நுணுக்கமான அளவு போய்விடும், பெட்டியின் நீளம் போகாது. ஒரு ஊரின் வாக்காளர் பட்டியலில் இரண்டெழுத்துப் பெயர் எத்தனை பேருக்கு இருக்கும்? ஆகையால் பெயருக்கு அளவெடுத்துப் பெட்டி தைக்காதீர்கள். வரியின் ஓரம் வரை இழுத்து மூடுங்கள். வெள்ளை ஏற்றுமதியும் இருக்கிறது, பக்கம் துப்புரவாகத் தெரியும் என்று சிலர் விரும்புவார்கள். நான் கறுப்புத்தான் எடுப்பேன். வெள்ளையில் அங்கே ஏதோ இருந்தது என்பதே வாசிக்கிறவருக்குத் தெரியாமல் போகும். மறைத்ததை மறைத்தேன் என்று காட்டுவதுதான் நேர்மை.

கருவியில் எனக்கு ஒரு கவலை உண்டு. அதே பட்டையில், சரிபார்க்கிறவருக்குக் காட்டவென்று முன்னோட்டப் பிரதி எடுக்கும் பொத்தானும் இருக்கிறது. அதில் பெட்டி சாம்பலாகவே இருக்கும், கீழே எழுத்துத் தெரியும். வரைபலகைக் கோப்பாகச் சேமித்தாலும் அப்படியே. இரண்டுக்கும் தேவை இருக்கிறது, விளங்குகிறது. ஆனால் அவசரத்தில் ஒரே கோப்புறையில் மூன்று கோப்பு கிடந்தால் எது போகும் என்று சொல்லமுடியாது. நான் இப்போது 'வெளியே' என்று தனிக் கோப்புறை வைத்திருக்கிறேன். கறுப்பு ஏற்றுமதி மட்டும் அதற்குள் போகும், அனுப்புவது அங்கிருந்து மட்டும்.

கோப்பின் பெயர் அதைவிடப் பெரிய வில்லங்கம். உள்ளே அத்தனை பெட்டியும் போட்டுவிட்டு, ஆளின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சேர்த்துப் பெயர் வைத்த கோப்பாக அனுப்புகிறார்கள். வட்ஸ்அப்பில் திறக்காமலே வாசிக்கலாம். ஏற்றுமதி செய்யும்போது பெயர் கேட்கும் பெட்டியில் நின்று ஒரு நிமிடம் யோசித்துப் புதிதாக ஒரு இலக்கம் கொடுங்கள். பண்புகள் பகுதியில் எழுதியவர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். போனில் எடுத்த படத்தை ஆவணமாக அனுப்பினால் எடுத்த இடமும் கூடவே போகலாம். 2012இல் தலைமறைவாக இருந்த வைரஸ் தடுப்பு மென்பொருள்காரர் ஜோன் மக்கபியை ஒரு சஞ்சிகை பேட்டி கண்டு படம் போட்டது. அந்தப் படத்துக்குள் இருந்த இடக்குறிப்பே அவர் குவாத்தமாலாவில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டது.

பிறகு கொமினிகேஷன் கடைகள். கடைக்காரர்களில் எனக்கு நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன். பிரதி எடுக்க ஊரே வட்ஸ்அப்பில் அடையாள அட்டையை அந்தக் கணினிக்கு அனுப்புகிறது. டவுன்லோட் கோப்புறையைத் திறந்தால் மாதக்கணக்கான ஊர் அங்கே கிடக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. கடை பூட்டுகிற நேரம் அந்தக் கோப்புறையை வெறுமையாக்கினால் அதுவே பெரிய காவல்.

படமாக்குவதற்கு விலையும் உண்டு. கோப்பு பருக்கும். பக்கத்தைத் தேடமுடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதில் ஊமையாகிவிடும். என் பழைய லப்டொப் நாற்பது பக்கத்துக்கு மூச்சு வாங்குகிறது, பத்துப் பத்தாகப் பிரித்துச் செய்கிறேன். ஒரு எழுத்தையும் பிறகு திருத்தமுடியாது. இந்தக் கடைசிக் குறையின் கனம் அந்த அம்மாவின் வேலை முடிந்த அன்றைக்குத்தான் விளங்கியது.

ஐந்து ஆவணமும் ஏற்றுமதியாகி, ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி அச்சிட்டுக் கொடுத்தேன். மறைக்காத மூலங்களைப் பென் டிரைவில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். லப்டொப்பில் கிடந்ததை அவர் பார்க்கவே அழித்து, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கினேன். பென் டிரைவைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அச்சுப் பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கறுப்புகளைத் தாண்டித் தாண்டி, மகனின் பெயர் இருக்கிற இடத்தில் மட்டும் விரலை வைத்து வாசித்தார். மூன்றாவதில் விரல் நின்றது.

"தம்பி, தேப்பன்ர முதலெழுத்துப் பிழை. 'க' இல்லை, 'கா'. அண்டைக்கு அடிச்ச பிள்ளை பிழையா அடிச்சிருக்கு. இப்பதான் கண்டனான்."

"கொடுத்ததைக் கொடுத்தபடியே அனுப்புவம் அம்மா. திருத்தத்தைத் தனியா ஒரு தாளில எழுதிச் சேர்த்துவிடுவம்."

"வேற தாள் துலைஞ்சு போகும். இதிலேயே ஓரத்தில எழுதிவிடுங்கோ."

சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, பென் டிரைவைத் திரும்ப என்னிடம் நீட்டினார். மூலத்தைத் திறந்து, எழுத்தைத் தொடாமல், ஓரத்தில் அவர் சொன்ன திருத்தத்தையும் அன்றைய திகதியையும் அடித்தேன். பிறகு முதலாவது பெட்டியில் இருந்து மறுபடி போடத் தொடங்கினேன்.